இரு சரிவிலும் புல்

என் மாப்பிள்ளையைப் போல உட்காரத் தெரிந்த மனிதர் இந்த ஊரில் இன்னொருவர் கிடையாது. கல்யாணப் பேச்சுக்கு முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்த அன்று நாற்காலியில் உட்கார்ந்தார். பேச்சு முடிந்தது, தேதி குறித்தாயிற்று, கூட வந்தவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் போய் நின்றார்கள். இவர் மட்டும் எழுந்திருக்கவில்லை. "பொண்ணை ரொம்பப் பிடிச்சுப்போச்சு போல" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். அவருக்குப் பிடித்தது எங்கள் நாற்காலி. அதை நான் கல்யாணமான மூன்றாம் நாள்தான் கண்டுபிடித்தேன். அதற்குள் காரியம் கைமீறிவிட்டது.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது என் மகள். அவளுடைய புருஷனைப் பற்றிய சங்கதி என்பதால் அங்கங்கே பேனா நின்று நின்று போகிறது. நான் சொன்னதை அப்படியே எழுது, உன் புருஷனுக்கு வக்கீல் வேலை பார்க்காதே என்று சொல்லியிருக்கிறேன்.

மாப்பிள்ளைக்கு வேலை, ரயில் பாலத்துக்கு அடியில் போகிற சுரங்கப்பாதையில். சாலை இறங்கி, பாலத்துக்குக் கீழே குழியாகி, மறுபடி ஏறும். சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு மண் சரிவு, அந்தப் பக்கம் ஒரு மண் சரிவு. இந்தப் பக்கத்து மேட்டில் மார்க்கெட், அந்தப் பக்கத்து மேட்டில் ஸ்கூல். மழை பெய்தால் இரண்டு சரிவிலும் தண்ணீர் இறங்கி, சாலையோரக் கால்வாய் வழியாக ஒரு கிணற்றில் விழும். கிணறு நிரம்பினால் தண்ணீர் சாலைக்கு ஏறும். அப்படி ஏறாமல் மோட்டார் போட்டு அதை இறைத்து வெளியே தள்ள வேண்டும். இதுதான் வேலை.

மோட்டார் ரூம் பத்தடிக்கு எட்டடி. பெரிய மோட்டார் ஒன்று, சின்ன மோட்டார் ஒன்று. சுவரில் ஸ்டார்ட்டர் பெட்டி, அதில் பச்சைப் பொத்தானை அழுத்தினால் ஓடும், சிவப்பை அழுத்தினால் நிற்கும். எதிரே ஜன்னல். நடுவில் மாப்பிள்ளையின் நாற்காலி. அந்த நாற்காலியைப் போடுவதற்கு அவர் ஒரு வாரம் அளவெடுத்தார் என்றால் நம்புவீர்களா? உட்கார்ந்த இடத்திலிருந்து குடைக்கம்பின் நுனியால் பச்சை எட்ட வேண்டும், அதன் வளைந்த பிடியால் சிவப்பு எட்ட வேண்டும், இடது கைக்கு டீ ஃபிளாஸ்க் எட்ட வேண்டும், கண்ணுக்குச் சுரங்கச் சுவர் எட்ட வேண்டும். எழுந்திருக்க வேண்டிய காரணங்களை ஒவ்வொன்றாக ஒழித்துக்கட்டினார் மனிதர்.

ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. மழையை அளக்க ஆபீஸில் ஒரு தகர டப்பா கொடுத்திருந்தார்கள். அது திறந்த வெளியில், அறையிலிருந்து இருபது தப்படி தள்ளி இருந்தது. ஒவ்வொரு மழைக்கும் நனைந்துகொண்டு போய் எத்தனை சென்டிமீட்டர் என்று பார்த்து எழுத வேண்டும். அதையும் ஒருநாள் தூக்கிக்கொண்டு வந்து, அறை வாசலில் நின்ற பெரிய மரத்தடியில் வைத்துவிட்டார். இனி கழுத்தை நீட்டினால் போதும்.

சுரங்கச் சுவரில் நாலு கோடு போட்டிருக்கும். தண்ணீர் எது வரை ஏறியது என்று காட்ட, கீழிருந்து மேலே: கால், அரை, முக்கால், புல். கடைசியாக இருக்கிற புல் மாடு தின்கிற புல் இல்லை, முழுசு என்று அர்த்தம். அதற்கு முன்னால் மூன்று புள்ளி போட்டு எழுத வேண்டுமாம், மகள் சொல்கிறாள். பெயிண்டர் போடவில்லை. எனக்கு எழுத்து தெரியாது. என் காதுக்கு இரண்டும் ஒரே சத்தம்தான். ஆனால் எழுத்து தெரிந்தவர்கள் அத்தனை பேரும் இதில் சறுக்கி விழுந்ததைத்தான் சொல்லப் போகிறேன்.

பதினோரு வருஷமாக மாப்பிள்ளை தற்காலிகம். மழைக்காலம் முடிந்ததும் "போய்ட்டு அப்புறம் வா" என்று நாலு மாதம் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த நாலு மாதமும் அவர் எங்கள் கூடத்தில் உட்காருவார். நான் பெருக்கும்போது காலைத் தூக்குவார், அது ஒன்றுதான் அவர் செய்யும் உடற்பயிற்சி. என் மகள் ஒருநாள் என்னிடம் வந்து மூக்கைச் சிந்தினாள். "அம்மா, இந்த மனுஷன் பர்மனென்ட் ஆகலைன்னா, நான் எங்கயாவது பர்மனென்ட்டா போயிடுவேன்."

அந்த வருஷம் பர்மனென்ட் ஆக்குவதற்குப் பட்டியல் போட்டார்கள். ரெஜிஸ்டரில் ஒரு குறையும் இல்லாதவர் உள்ளே. குறை இருந்து விளக்கம் சரியாகச் சொல்லாதவர் ஒரேயடியாக வெளியே. நடுவில் வேறு வழி இல்லை. வீட்டில் அந்தப் பேச்சு வந்தாலே என் மகள் எழுந்து போய் ஜன்னலைத் துடைக்க ஆரம்பித்துவிடுவாள். அந்த வருஷம் எங்கள் ஜன்னல் பளபளவென்று இருந்தது.

இப்போது அந்தச் சரிவுகளுக்கு வருகிறேன். முன்பெல்லாம் இரண்டும் மொட்டைத் தரை. ஆட்கள் குறுக்கு வழியில் ஏறி இறங்கி மண் கல்லாக இறுகிக் கிடந்தது. மேகம் கறுத்தால் போதும், தண்ணீர் மண்ணையும் மார்க்கெட்டின் பிளாஸ்டிக் பைகளையும் வாரிக்கொண்டு கால்வாயில் குதிக்கும். மோட்டார் உறிஞ்சுகிற குழாயின் வாயில் ஒரு சல்லடை உண்டு. அதில் குப்பை அடைத்துக்கொள்ளும். மாப்பிள்ளை கிணற்றுக்குள் இறங்கிப் பிடுங்க வேண்டும். அந்தக் காலத்தில் அவர் ஒரு நாளைக்கு மூன்று தடவைகூட எழுந்திருக்க வேண்டியிருந்ததாம். சொல்லும்போதே அவர் குரல் தழுதழுக்கும்.

பிறகு யாரோ கேபிள் பதிக்க வந்தார்கள். பள்ளம் தோண்டிய மண்ணை இரண்டு சரிவிலும் கொட்டிவிட்டுப் போனார்கள். அடுத்த மழைக்குப் புல் முளைத்தது. முழங்கால் உயரம், சில இடத்தில் இடுப்பு உயரம். செடிகொடிகளை அகற்றவும் என்று ஆபீஸில் எப்போதோ ஓர் உத்தரவு உண்டு. நானும் பார்க்கும்போதெல்லாம் சொன்னேன்.

"மாப்பிள்ளை, அந்தப் புல்லை வெட்டினா என்னவாம்? பார்க்கக் காடு மாதிரி இருக்கு."

"வெட்டிடலாம் அத்தை."

"எப்போ?"

"நல்லா வளரட்டும். ஒரேயடியா வெட்டிடலாம்."

அந்தப் பதிலிலேயே இரண்டு வருஷம் ஓட்டினார். அதற்குள் அவர் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார். மழை கொட்டினாலும் தண்ணீர் சரிவில் ஓடி வருவதில்லை. வருவது கொஞ்சம், அதுவும் நின்று நிதானித்து, தெளிவாக வருகிறது. கிணறு நிரம்பவே இல்லை. சுவரில் 'கால்' கோடுகூட நனையவில்லை. மோட்டாருக்கு வேலை இல்லை, ஆகவே குடைக்கம்புக்கும் வேலை இல்லை. அந்த மழைக்காலம் முழுக்க அவர் சொர்க்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

அங்கேதான் சனியன் பிடித்தது. புது ரெஜிஸ்டர் வந்தது. அதில் கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். மோட்டார் போடாத மழை நாளில், ஏன் போடவில்லை என்று அதில் எழுத வேண்டுமாம். மாப்பிள்ளை யோசித்தார். அதிகம் எழுதினால் கை வலிக்கும். அது வந்த பிறகு பெய்த ஆறு மழை நாளுக்கும் ஒரே வரியை எழுதினார்: "இரு சரிவிலும் புல். மோட்டார் போடவில்லை." மட்டம் எழுத வேண்டிய கட்டத்தைக் காலியாக விட்டார். கோடே நனையாதபோது என்னத்தை எழுதுவது?

ரெஜிஸ்டர் ஆபீஸுக்குப் போனது. பத்தாம் நாள் மெமோ வந்தது.

மகள் படித்தாள். கூடத்தில் நான், மாப்பிள்ளை, நாற்காலி. "ஆறு மழை நாட்களில் இரு சரிவிலும் புல் இருந்தும் மோட்டார் இயக்காதது ஏன்? மேலும் நகரில் ஆறு சென்டிமீட்டர் மழை பதிவான நாளில் நான்கு என்று குறைத்துக் காட்டியது ஏன்? மூன்று நாட்களுக்குள் விளக்கம் தரவும். தவறினால் பணியிலிருந்து நீக்கப்படுவீர்."

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

"பார்த்தீங்களா! புல்லை வெட்டுங்க வெட்டுங்கன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேனே!" என்றேன்.

"அம்மா, இரு. வெட்டலைன்னு கேக்கலையே. புல் இருந்தும் ஏன் மோட்டார் போடலைன்னு கேக்குறாங்க."

"புல்லுக்கு எதுக்கு மோட்டார்?" என்றார் மாப்பிள்ளை.

"தண்ணி பாய்ச்சறதுக்கா இருக்கும்" என்றாள் மகள்.

"மழை நாள்லயா?"

"கவர்மெண்ட் புல்லுங்க. அதுக்குத் தனியா எதாவது ரூல்ஸ் இருக்கும்."

அதுதான் சரியாக இருக்கும் என்று எல்லோருக்கும் பட்டது. சுவரில் அந்த வார்த்தையைத் தினமும் பார்க்கிற மனிதருக்கே பொறி தட்டவில்லை. புல்லை வெட்டாத பயம் அவர் கண்ணை மறைத்துவிட்டது. உட்கார்ந்து விளக்கம் எழுதினார்: "ஐயா, மழை பெய்துகொண்டிருந்ததால் புல்லுக்குத் தனியாக மோட்டார் போடத் தேவைப்படவில்லை. மழை நின்றிருந்தால் கட்டாயம் போட்டிருப்பேன்."

"நல்லா எழுதியிருக்கீங்க" என்று மகள் மெச்சினாள்.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு மோட்டார் ரூம் போன் அலறியது. நான் மாப்பிள்ளைக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன், அதனால் நேரில் கேட்டேன். அந்தப் பக்கம் எஞ்சினியர் மேடம். அந்த அம்மாவின் சத்தம் போனுக்கு வெளியே நின்ற எனக்கே கேட்டது.

"மழை பெஞ்சதால மோட்டார் போடலையா? மழை பெஞ்சாதான்யா மோட்டார்! உண்மையைச் சொல்லுங்க, அன்னைக்குப் புல்லா இருந்துச்சா இல்லையா?"

"இருந்துச்சு மேடம்."

"எவ்வளவு?"

"மார்க்கெட் பக்கம் முழங்கால் அளவு. ஸ்கூல் பக்கம் இடுப்பு வரைக்கும்."

"இடுப்பு வரைக்குமா! அப்புறம் பஸ் எப்படிய்யா போச்சு?"

"பஸ் அதுபாட்டுக்குப் போச்சு மேடம். பஸ் என்ன மாடா, நின்னு மேயறதுக்கு?"

அந்தப் பக்கம் ரெஜிஸ்டரைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"ஜனங்க யாரும் புகார் சொல்லலையா?"

"இல்ல மேடம். ஒருத்தர் மட்டும் ஆடு ஓட்டிக்கிட்டு வந்தாரு. ரெண்டு ஆடு உள்ள இறங்குச்சு. நான்தான் விரட்டினேன்."

"இடுப்பளவுல ஆடு இறங்குச்சா?"

"அதுங்களுக்கு ரொம்பப் பிடிக்கும் மேடம்."

"என்கிட்டயே விளையாடறீங்களா? காலையிலேயே புல் போட்டிருக்கீங்களா?"

"ஐயோ இல்ல மேடம். சத்தியமா நான் போடல. அதுவா முளைச்சது."

நாளைக் காலை பத்து மணிக்கு ரெஜிஸ்டரோடு நானே வருகிறேன், அங்கேயே இருங்கள் என்று சொல்லிவிட்டு அந்த அம்மா போனை வைத்தது வெடிச்சத்தம் மாதிரி கேட்டது. மாப்பிள்ளை என்னைப் பார்த்தார்.

"அத்தை, புல்லு மேல அந்தம்மாவுக்கு ஏன் இவ்வளவு கோபம்?"

எனக்கு வேறென்ன தோன்றும்? சோற்றுத் தூக்கை வைத்த கையோடு முடிவு செய்துவிட்டேன். மறுநாள் விடிந்ததும் நானும் மகளும் இரண்டு அரிவாள், ஒரு மண்வெட்டியோடு சரிவுக்குப் போய்விட்டோம். எங்களுக்குப் பின்னாலேயே மாப்பிள்ளை வந்தார். அவர் விடியற்காலையில் வெளியே வந்ததே ஓர் அதிசயம்.

"அத்தை, அதைத் தொடாதீங்க. அது இருக்கிறதாலதான் தண்ணி மெதுவா வருது."

"தண்ணி மெதுவா வருதா? உங்களைப் பார்த்துக் கத்துக்கிச்சா?"

"புல்லு தண்ணியைப் பிடிச்சு வச்சு, மண்ணுக்கு ஊட்டிவிட்டுட்டு, மிச்சத்தைத்தான் அனுப்பும் அத்தை."

"ஊட்டியா? என் பொண்ணு உங்களுக்கு ஊட்டிவிடுற மாதிரியா?"

"நான் எப்பம்மா ஊட்டிவிட்டேன்?" என்று மகள் நடுவில் புகுந்தாள். அந்தச் சண்டையில் அவர் சொல்ல வந்தது காற்றோடு போயிற்று.

நான் எடுத்த வேலையை அரைகுறையாக விடுகிறவள் இல்லை. மார்க்கெட் பக்கச் சரிவை வழித்தெடுத்தேன். அரிவாளால் வெட்டி, மண்வெட்டியால் வேரையும் செதுக்கி, மொட்டைத் தலை மாதிரி ஆக்கினேன். வெட்டிய புல்லையெல்லாம் கால்வாய் ஓரத்தில் அழகாகக் குவித்தேன். ஒன்பதரைக்கு என் இடுப்பு பிடித்துக்கொண்டது. ஸ்கூல் பக்கம் அப்படியே நின்றது. வானம் கறுத்தது.

பத்து மணிக்கு ஜீப் வந்தது. எஞ்சினியர் மேடம் குடையோடு இறங்கினார். பின்னால் ரெஜிஸ்டர் பார்க்கிற கிளார்க், ரெஜிஸ்டரைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு. அவர்கள் சுரங்கத்துக்குள் நடந்து வருவதற்கும் மழை பிடிப்பதற்கும் சரியாக இருந்தது. சும்மா மழை இல்லை, வாளியைக் கவிழ்த்த மழை.

நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். மார்க்கெட் பக்கம் ஐந்து நிமிஷம்கூடத் தாங்கவில்லை. செந்நிறத் தண்ணீர் மண்ணைக் கரைத்துக்கொண்டு, பைகளை உருட்டிக்கொண்டு, நான் அழகாகக் குவித்து வைத்த புல்லையெல்லாம் அள்ளிக்கொண்டு கால்வாயில் கொதித்து வந்தது. ஸ்கூல் பக்கம்? ஒன்றுமில்லை. புல் நனைந்து தலை சாய்ந்து நின்றது, அவ்வளவுதான்.

கிணறு நிரம்பியது. தண்ணீர் சாலைக்கு ஏறியது. மாப்பிள்ளை குடைக்கம்பால் பச்சையைக் குத்தினார். பெரிய மோட்டார் இரண்டு முறை இருமிவிட்டு வெறுமனே உறுமியது. தண்ணீர் வரவில்லை. என் புல் போய்ச் சல்லடையில் அடைத்துக்கொண்டுவிட்டது. சின்ன மோட்டாருக்கும் அதே கதி. சுவரில் 'கால்' முழுகியது. எஞ்சினியர் மேடத்தின் செருப்பு ஒன்று தனியாக மிதந்து போயிற்று. ஒரு பஸ் சாலை இறக்கத்தில் பாதி இறங்கி நின்று ஹாரன் அடித்தது.

"இதைத்தான்யா ஆறு தடவை வேடிக்கை பார்த்தீங்களா?" என்று கத்தினார் மேடம். கிளார்க் பேனாவை எடுத்தார்.

என் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "போச்சும்மா" என்றாள், அவ்வளவுதான்.

அப்போது ஒரு காட்சி கண்டேன். மாப்பிள்ளை ஓடினார். சாட்சிக்கு என் மகள் இருக்கிறாள், அவளும் பார்த்தாள். சட்டையைக் கழற்றி என் மேல் வீசிவிட்டு, கிணற்று ஏணியில் இரண்டிரண்டு படியாக இறங்கி, கழுத்தளவுத் தண்ணீரில் முங்கினார். ஒரு கட்டுப் புல் மேலே பறந்து வந்தது. பிறகு ஒரு பிளாஸ்டிக் பை. பிறகு இன்னும் இரண்டு கட்டுப் புல், ஒன்று கிளார்க் தோளில் விழுந்தது. உள்ளிருந்தே, "போடு! பச்சையைப் போடு!" என்று கத்தினார். அவர் இறங்கும்போது சிவப்பை அழுத்திவிட்டுத்தான் இறங்கினார், அதெல்லாம் தொழில் தெரிந்த மனிதர். என் மகள் ஓடிப்போய்ப் பச்சையை அழுத்தினாள். மோட்டார் பிடித்தது. குழாய் அதிர்ந்து, வெளியே தண்ணீர் பாய்ந்தது. 'அரை'யைத் தொடப்போன தண்ணீர் நின்று, யோசித்து, மெதுவாக இறங்க ஆரம்பித்தது. பஸ் டிரைவர் ஹாரனை விட்டுவிட்டுக் கைதட்டினார்.

மாப்பிள்ளை சொட்டச் சொட்ட மேலே வந்து, ரூமுக்குள் போய், நேராக நாற்காலியில் விழுந்தார். மேடமும் கிளார்க்கும் பின்னாலேயே வந்தார்கள். மேடம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இந்தப் பக்கம் ஆறு மாதிரி ஓடுது. அந்தப் பக்கம் ஏன் தண்ணியே வரலை?"

"அந்தப் பக்கம் புல் மேடம்" என்றார் மாப்பிள்ளை மூச்சு வாங்க.

"மறுபடியும் புல்லா? அங்க காலே இல்லையேய்யா!"

"புல்லுக்கு ஏது மேடம் கால்? வேர்தான்."

மேடம் திரும்பி அவரைப் பார்த்தார். மாப்பிள்ளை பொறுமையாகத் தன் தலையில் ஒட்டியிருந்த ஒரு கொத்தைப் பிய்த்து அந்த அம்மாவின் உள்ளங்கையில் வைத்தார். "இது மேடம். பச்சையா இருக்கே, இது. புல்."

மேடம் கையில் இருந்ததைப் பார்த்தார். ஜன்னல் வழியே சுவரில் உச்சியில் எழுதியிருந்ததைப் பார்த்தார். கிளார்க்கின் ரெஜிஸ்டரைப் பிடுங்கிப் பார்த்தார்.

"இரு சரிவிலும்..." என்று கிளார்க் முணுமுணுத்தார். "அப்போ அந்த ஆறு நாளும்?"

"ஆறு நாளும் இதுதான் சார். கோடே நனையலை. எதுக்கு மோட்டார் போடறது?"

மேடம் குடையை மடக்கிவிட்டுச் சிரித்தார் பாருங்கள், கண்ணில் நீர் வந்துவிட்டது. சிரிப்பு அடங்க உட்கார இடம் தேடினார். இருப்பது ஒரே நாற்காலி. மாப்பிள்ளை எழுந்து அதைக் கொடுத்தார். எங்கள் வம்சத்தில் யாருக்கும் கிடைக்காத மரியாதை அது.

பிறகு அந்த அம்மா கேட்கக் கேட்க அவர் சொன்னார். மொட்டைத் தரையில் மழை அறைகிறது, மேல்மண் சேறாகிப் பூசினது போல மூடிக்கொள்கிறது, தண்ணீர் உள்ளே இறங்க வழியில்லாமல் ஓடுகிறது. புல் இருந்தால் துளி முதலில் இலை மேல் விழுகிறது. தண்டுகள் தடுத்துத் தடுத்து ஓட்டத்தை மெதுவாக்குகின்றன. வேர் போன ஓட்டை வழியாகத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிவிடுகிறது. குப்பையும் மண்ணும் அங்கேயே தங்கிவிடுகின்றன. பதினோரு வருஷம் ஒரே ஜன்னலில் உட்கார்ந்து இதைத்தான் பார்த்தாராம்.

"எவ்வளவு பெரிய மழை வந்தாலும் தாங்குமா?"

"தாங்காது மேடம். ரெண்டு நாள் விடாம பெஞ்சா மண்ணுக்கு வயிறு நிறைஞ்சிடும். அப்புறம் மோட்டார்தான். ஆனா நான் எந்திரிக்க டைம் குடுக்கும்."

சரி, மழை அளவு ஏன் குறைகிறது என்று கிளார்க் ஆரம்பித்தார். விடுவதாக இல்லை மனிதர். மேடம் எட்டிப் பார்த்தார்.

"மழை அளக்கிற டப்பா ஏன் மரத்தடியில இருக்கு?"

"நனையாம பார்க்கலாமேன்னு..."

"டப்பா நனையக் கூடாதா?"

"டப்பா நனையலாம் மேடம். நான்தான்..."

ஜீப்பில் இன்னொரு டப்பா இருந்தது. மரத்தடி டப்பாவைக் காலி செய்துவிட்டு, இதைத் திறந்த வெளியில் வைக்கச் சொன்னார் மேடம். காற்றில் சாயாமல் பிடித்துக்கொண்டு கிளார்க் அரை மணி நேரம் நனைந்தார். அளந்து பார்த்தால் வெளி டப்பாவில் கூடுதல், மரத்தடி டப்பாவில் குறைவு. மாப்பிள்ளைக்கு இதுவும் தெரிந்திருந்தது. "மரம் தன் பங்கை எடுத்துக்கிட்டுதான் மேடம் கீழ விடும். இலையிலேயே கொஞ்சம் நிக்கும், வெயில் வந்தா ஆவியாப் போயிடும்" என்றார். தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்றதற்கு, யாரும் கேட்கவில்லை என்றார்.

மெமோவை அங்கேயே ரத்து செய்து மேடம் கையெழுத்துப் போட்டார். ஒரே தண்டனை, டப்பாவை மறுபடி இருபது தப்படி தள்ளி வைக்க வேண்டும். மாப்பிள்ளையின் முகம் தூக்குத் தண்டனை கேட்ட முகம் மாதிரி ஆயிற்று. மார்க்கெட் பக்கச் சரிவில் மூன்று மாதத்தில் பழையபடி புல் இருக்க வேண்டும், அதைப் பார்த்த பிறகுதான் பர்மனென்ட் என்று ஒரு நிபந்தனையும் போட்டார்.

"இதை யார் இப்படி மொட்டையடிச்சது?" என்று அந்த அம்மா கேட்டபோது மாப்பிள்ளை என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "ஆடு மேடம்" என்றார். மண்வெட்டியால் வேர் வரை செதுக்குகிற ஆடு! ஆனாலும் நல்ல மனுஷர். இங்கே என் மகள் சிரிக்கிறாள், சிரிக்கட்டும். நான் வெட்டியதால்தானே இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் வித்தியாசம் தெரிந்தது? நான் வெட்டாமல் இருந்திருந்தால் அன்றைக்கும் கோடு நனைந்திருக்காது, புல் புல் என்று பேசியே வேலை போயிருக்கும். இந்த வீட்டில் ஒருத்தரும் இதை ஒப்புக்கொள்வதில்லை.

மூன்று மாதத்தில் புல் வளர்ந்ததா என்றால், வளர்ந்தது. ஸ்கூல் பக்கத்திலிருந்து மண்ணும் வேருமாக நாலு கூடைப் புல் பெயர்த்து வந்து என் மகள் நட்டாள். மற்றபடி யாரும் மிதிக்காமல், வெட்டாமல், ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய வேலை. அதில் என் மாப்பிள்ளையை மிஞ்ச ஆள் உண்டா? மேடம் வந்து பார்த்தார், தலையாட்டினார், உத்தரவு வந்தது. மகள் அதை மூன்று தடவை படித்தாள். மூன்றாம் தடவை பாதியில் நிறுத்தி, எழுந்து போய் ஜன்னலைத் துடைத்தாள்.

பர்மனென்ட் ஆனவர்களுக்குச் சம்பளத்தோடு லீவு உண்டாம். மாப்பிள்ளைக்கு அது தெரிந்த மறுநாளே ஆபீஸில் போய் நின்றார்.

"அரை நாளா, புல்லா?" என்று கேட்டிருக்கிறார் கிளார்க்.

மாப்பிள்ளை கையை நீட்டினார். பேனாவை வாங்கி, "முழு நாள்" என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

லீவு நாளன்று காலை சீக்கிரமே குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பினார். கூடத்து அலமாரியை நகர்த்த வேண்டும் என்று முந்தின நாளே நான் சொல்லி வைத்திருந்தேன். சாயந்திரம் வரை ஆளைக் காணோம். மார்க்கெட்டுக்குப் போன என் மகள்தான் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். மோட்டார் ரூமில் அன்றைக்கு வேறு ஆள். இவர் எதிர்ச் சரிவில், இடுப்பளவுப் புல்லுக்கு நடுவில், தலை மட்டும் தெரிய உட்கார்ந்திருந்தாராம்.